டிரங்குப் பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும்,

எட்டயபுரத்தின் வரலாற்றையும் நம் உயர்நிலைப் பள்ளியின் கதையையும் தொகுக்கும் வேலை ஒருவழியாக முடிந்து அச்சுக்குப் போய்விட்டது. முன்னுரையில் இரண்டு வரி நன்றி போதும் என்றுதான் நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்ததும் போதவில்லை.

உள்ளதைச் சொன்னால், ஊர்ப் பகுதி என்னை அதிகம் சிரமப்படுத்தவில்லை. உமறுப் புலவர் அடங்கியிருப்பது இங்கே. முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் இங்கே. 1904-இல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி அச்சானது நம் ஊர் வித்யா விலாசினி அச்சகத்தில். 1882-இல் பாரதி பிறந்ததையும் 1947-இல் அவருக்கு மணிமண்டபம் திறந்ததையும் சொல்லவே வேண்டாம். இவையெல்லாம் நூலகத்தில் கிடைக்கும். எட்டப்பன் என்ற சொல்லை வைத்து வெளியூரில் கேலி கேட்காத எட்டயபுரத்துக்காரர் உண்டா? அதற்கும் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன், ஆறுதலுக்காக.

பாடாய்ப் படுத்தியது பள்ளிக்கூடம்தான். அதன் கதை உங்கள் வீட்டுப் பரண்களில் கிடந்தது.

முதலில் ஒரு அக்காவுக்கு நன்றி. தன் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பள்ளிச் சம்பளம், அதாவது கட்டணம், கட்டிய ரசீதுகளை நூலில் கோத்தபடியே கொடுத்தார்கள். காமராஜர் காலத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் என்றாலே புரியாது. அதற்கு முந்தியவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் சொல் அது. படிக்க உதவி கேட்டு 1897-இல் ஜமீன்தாருக்குக் கவிதையிலேயே கடிதம் எழுதிய பையன் பாரதியின் ஊர் அல்லவா இது! அந்தக் கடிதத்தைப் பற்றிய பக்கத்துக்கு எதிரிலேயே ரசீதுகளின் படத்தைப் போட்டிருக்கிறேன்.

அடுத்து, மணியடித்த அண்ணாச்சி. எந்தத் தலைமையாசிரியருக்குப் பின் யார் வந்தார் என்பதில் நானும் நண்பர்களும் மாதக்கணக்கில் குழம்பிக் கிடந்தோம். அவர் திண்ணையில் உட்கார்ந்து, மணி பிந்தினால் யார் யார் எப்படித் திட்டினார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பிறகு கிடைத்த பழைய சான்றிதழ்களின் கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. சில திட்டுகளை அச்சில் ஏற்ற முடியாது என்பது என் வருத்தம்.

குரூப் போட்டோ தந்தவர்கள் ஏராளம். பலவற்றில் ஆண்டு இல்லை. அதற்கு வழி சொன்னவர் ஓய்வுபெற்ற கணக்கு சார். மேல்நிலை வகுப்புகள் வந்தது 1978-இல்; ஆகவே "பதினோராம் வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி." என்று பலகை வைத்திருந்தால் அதற்கு முந்தியது என்றார். சான்றிதழ்களுக்கும் அப்படி ஒரு கணக்கு வைத்திருந்தார். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து நம்மைப் பிரித்து 1986-இல் சிதம்பரனார் மாவட்டம் ஆக்கினார்கள். முத்திரையில் அந்தப் பெயர் இருந்தால் அதற்கு முன்னே போகாதே என்றார். அந்த வயதிலும் அதட்டல் குறையவில்லை. சரி சார் என்று எழுந்து நின்றே சொன்னேன்.

திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் எனக்காக அலைந்த தம்பிகள், கரையான் தின்ற பதிவேட்டை ஏடு ஏடாகப் பிரித்துக் கொடுத்த டீச்சர், பிழை திருத்திய தமிழய்யா, சாப்பிடாமல் விடாத வீடுகள் எல்லாவற்றுக்கும் நன்றி. பெயர் போடக்கூடாது என்று பலர் கண்டிப்பாகச் சொன்னதால் யார் பெயரையும் போடவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வாங்கிய படங்களை ஒவ்வொரு வீட்டுக்கும் நானே கொண்டுவந்து தருகிறேன். ஒன்றிரண்டில் பின்வரிசைப் பையன்கள் யார் என்று இன்னும் பிடிபடவில்லை. வரும்போது காட்டுகிறேன், கண்ணாடியை எடுத்து வையுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பழைய மாணவன்