50 மில்லிமீட்டர் ஸ்கிறீட் பற்றி ஹட்டனுக்கு ஒரு கடிதம்

அன்பின் மச்சான்,

கடிதமும் பீஓகியூ (வேலை அளவு-விலைப் பட்டியல்) பக்கமும் கிடைத்தன. ஹட்டனில் மழை விட்டபாடில்லை என்கிறாய். இங்கே பண்டாரவளையில் காற்று ஆளைத் தள்ளுகிறது. இரண்டுமே ஸ்கிறீட்டுக்கு, அதாவது சிலாப்பின் மேல் மட்டம் செய்து போடும் சீமெந்து-மணல் படைக்கு, ஆகாது, காரணம் கீழே வரும்.

ஆஸ்பத்திரி வார்ட்டுத் தரைக்கு "50 மி.மீ. சீமெந்து ஸ்கிறீட், 1:3, நன்றாக மட்டம் செய்து முடித்தல்" என்று எழுதியிருக்கிறாய். நம் ஊரில் எல்லாரும் எழுதும் வரிதான். ஆனால் ஸ்கிறீட்டுக்கான பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 8204-1ஐப் பக்கம் வைத்துப் பார்த்தால் அந்த 50 எந்தக் கணக்கிலும் உட்காராது. சிலாப்பில் ஒட்டிப் போடும் ஸ்கிறீட் எந்த இடத்திலும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சிலாப் மேடுபள்ளத்துக்கும் இடம் விட்டு 40 என்று வரைபடத்தில் போடுவார்கள். அதைவிடத் தடித்தால் சுருங்கும்போது சிலாப்போடு உள்ள பிடிப்பை இழுத்துப் பிய்க்கும். பொலித்தீன் விரித்து ஒட்டாமல் போடுவதென்றால் எந்த இடத்திலும் 50 இருக்க வேண்டும், அதனால் வரைபடத்தில் 70. நீ எழுதிய 50 ஒட்டுவதற்குத் தடிப்பு, ஒட்டாததற்கு மெல்லிசு. சிலாப் மேடான இடத்தில் 35தான் மிஞ்சும், அங்கேதான் முதலில் உடையும்.

1:3, அதாவது ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல், இன்னொரு தலைவலி. எடையா, கன அளவா என்று நீ சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பாஸ் (மேசன்) பெட்டியால்தான் அளப்பார். ஈர மணல் உப்பும். ஐந்தாறு சதவீத ஈரத்தில் கால்பங்கு வரை கூடுதல் இடம் பிடிக்கும். அப்போது மூன்று பெட்டி மணலில் இருப்பது 2.4 பெட்டி உலர் மணல்தான். கலவை தேவைக்கு மேல் சீமெந்தாகி, அதிகம் சுருங்கி, ஒட்டாத ஸ்கிறீட்டில் மூலைகள் மேலே சுருண்டு நிற்கும். மழையில் ஊறிச் சொதசொதத்த மணலோ அந்த உப்பலை இழந்துவிடும். ஆக, தினமும் மழை பெய்யும் ஊரில் ஒரே பெட்டி ஒரே நாளில் இரண்டு அளவு தரும். எடையில் 1:4 என்று எழுது. 50 கிலோ மூட்டைக்கு 200 கிலோ உலர் மணல். காலையில் ஒரு கிலோ மணலைத் தாச்சியில் வறுத்து நிறுக்கச் சொல். 950 கிராம் நின்றால் ஈரம் 50 கிராம், அன்றைக்கு மூட்டைக்கு 210 கிலோ ஈர மணல் போட வேண்டும். சீமெந்து இலங்கைத் தரம் எஸ்எல்எஸ் 107 என்பதையும் சேர்த்துவிடு.

அரை ஈரக் கலவை என்பதால் கொங்கிரீட் டிரம் மிக்சர் வேண்டாம். உருண்டை உருண்டையாகத் திரண்டு சீமெந்து ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் என்று போகும். பேன் மிக்சர் (தட்டையான தொட்டியில் துடுப்பால் கலக்குவது) என்றே எழுது. கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. 50க்கு மேல் தடிப்பு என்றால் இரண்டு அடுக்காக இடித்து, முதல் அடுக்கைக் கீறிவிட்டு உடனே மற்றதைப் போட வேண்டும்.

ஒட்டுவதென்றால் சிலாப்பின் மேலே படிந்த பலவீனமான சீமெந்துப் பால் தோலைக் கொத்திச் சல்லி தெரிய வைத்து, இரவெல்லாம் நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்துவிட்டு எஸ்பீஆர் (ஒட்டவைக்கும் ரப்பர்ப் பால்) கலந்த சீமெந்துக் குழம்பைத் தேய்க்க வேண்டும். அது காயுமுன் ஸ்கிறீட் மேலே விழ வேண்டும். காற்றடிக்கும் இந்தப் பக்கத்தில் முழு அறைக்கும் முன்கூட்டியே பூசி வைத்தால், காய்ந்த குழம்பு ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரித்து வைக்கும். தட்டினால் டொக் டொக்கென்று வெறுங்கூடாய்க் கேட்கும்.

"நன்றாக" என்ற சொல்லை முழுவதும் வெட்டு. அதை எவராலும் அளக்க முடியாது. அதற்குப் பதிலாக: 2 மீட்டர் மட்டப்பலகைக்குக் கீழ் 5 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, அதாவது பிஎஸ் 8204-1இன் மட்டத் தரம் எஸ்ஆர்2. பொருளுக்கு பிஎஸ் ஈஎன் 13813இன்படி சிடி-சி20-எஃப்4 (சீமெந்து ஸ்கிறீட், அமுக்கு பலம் 20, வளைவு பலம் 4 நியூட்டன்/மி.மீ.²). ஆனால் அது கலவையின் பலம்தான். சைட்டில் ஒழுங்காக இடித்தார்களா என்று அது சொல்லாது. அதற்கு பிஆர்ஈ டெஸ்டர் என்ற எடை விழவிடும் கருவி: 14 நாள் கழித்து, 4 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் நான்கு தடவை விழவிட்டுப் பள்ளத்தை அளப்பது. வார்ட்டுக்கு பி வகை, 4 மி.மீ. வரை. சத்திர சிகிச்சை அறை ஏ வகை, 3 மி.மீ. சோதனைக் கூலியையும், சோதனையில் தோற்ற இடத்தை யார் செலவில் பெயர்ப்பது என்பதையும் பீஓகியூவில் இப்போதே போடு. பிறகு கேட்டால் சண்டைதான்.

இனி உன் மழை. ஏழு நாள் பொலித்தீன் மூடி, பிறகு காய விட வேண்டும். நல்ல காற்றோட்டத்தில் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கு 40க்கு 40 நாள் தரும், 50க்கு மேல் போனால் இன்னும் மெதுவாக. ஹட்டன் மூடுபனிக்குள் அந்தக் கணக்கை நம்பாதே. மேலே வினைல் விரிப்பு ஒட்டுமுன் ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதமானியை) தரையில் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 72 மணி நேரம் வைத்து, சார்பு ஈரப்பதம் 75 சதவீதமோ அதற்குக் கீழோ காட்டினால் மட்டும் அனுமதி என்று எழுது. நாள் கணக்கு எழுதினால் பசை இளகி வினைல் குமிழ் குமிழாய் எழும்பும்.

சிலாப் மட்டத்தை 2 மீட்டர் கட்டங்களில் எடுத்து அனுப்பு. கதவு நிலைகள் ஏற்கெனவே பொருத்தியாயிற்றா என்றும் எழுது. 40ஆ 70ஆ என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் மச்சான்