சேஷாத்திரி கட்டிய இடம்

தருமபுரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அம்மாவே கேழ்வரகு மாவு சலிக்கிறார். காரிமங்கலம் தோட்டத்தில் பூ நிறைய விட்டது, ஆனால் காற்றில் பிஞ்சு கொட்டிப்போய் மாங்காய் சுமார்தான். வீட்டுச் செய்தி இவ்வளவே.

கணித மேதை ஒருவர் போனபின் மிஞ்சுவது அவருடைய தேற்றங்கள் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. சி. எஸ். சேஷாத்திரியை வைத்தே சொல்கிறேன்.

அவரிடம் தேற்றங்களுக்குக் குறைவில்லை. நாம் படித்த வெக்டர் வெளி நினைவிருக்கிறதா, கூட்டவும் எண்ணால் பெருக்கவும் முடிகிற வெக்டர்களின் தொகுப்பு? அந்த எண்கள் ஒரு களத்திலிருந்து, அதாவது பூஜ்ஜியம் தவிர எதாலும் வகுக்க முடிகிற தொகுதியிலிருந்து வந்தால், எந்த வெக்டர் வெளிக்கும் அடிக்கணம் உண்டு: எல்லா வெக்டர்களையும் ஒரே வழியில் கட்டித் தரும் வெக்டர்களின் கூட்டம். களத்துக்குப் பதில், முழு எண்களைப் போல எப்போதும் வகுக்க முடியாத வளையத்தை வைத்தால் அந்த உறுதி போய்விடும். மாட்யூல் என்று பெயரும் மாறிவிடும். சரி, முடிவுள்ள அடிக்கணம் கொண்ட ஒரு மாட்யூலை இரண்டின் நேர்கூட்டலாகப் பிரித்தால், ஒவ்வொரு பகுதிக்கும் அடிக்கணம் இருக்குமா? எல்லா வளையத்திலும் இருக்காது. களத்தின் மேல் அமைந்த பல்லுறுப்புக் கோவைகளின் வளையத்தில் இருக்குமா என்று 1955இல் பிரெஞ்சுக் கணிதர் செர் கேட்டார். ஒரு மாறிக்கு விடை முன்பே தெரியும். இரண்டு மாறிகளுக்கு ‘இருக்கும்’ என்று 1958இல் நிறுவினார் சேஷாத்திரி. அவருக்கு அப்போது 26 வயது. எத்தனை மாறிகள் ஆனாலும் இருக்கும் என்று குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே நிறுவ 1976 ஆகிவிட்டது.

ஆனால் காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த பையன் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்? லயோலா கல்லூரியில் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இருந்தார். பாரிஸில் நடந்துகொண்டிருந்த புதுக் கணிதம் அவருக்குத் தெரியும். நல்ல மாணவர்களைப் பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போகச் சொன்னவரும் அவர்தான். 1953இல் போனவர்களில் சேஷாத்திரியும் எம். எஸ். நரசிம்மனும் உண்டு. நரசிம்மன் பிறந்தது வட ஆற்காட்டுத் தண்டரை கிராமம். நம் ஊத்தங்கரை தாண்டிச் செங்கம் போனாலே பழைய வட ஆற்காடுதானே! 1965இல் இருவர் பெயரையும் சேர்த்து வந்த தேற்றத்தை உலகம் இன்றும் கையாள்கிறது. வழி காட்ட ஒரு ஆசிரியரும் போய்ச் சேர ஒரு இடமும் இருந்ததால்தான் அது நடந்தது.

அதைச் சேஷாத்திரி மறக்கவில்லை என்றே நினைக்கிறேன். 1984இல் சென்னைக்குத் திரும்பினார். 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் சிறியதாக ஒரு கணிதப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்று சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம். நம் நாட்டில் ஆராய்ச்சி ஒரு கட்டடத்தில், பி.எஸ்ஸி. இன்னொரு கட்டடத்தில் என்றுதான் வழக்கம். அவரோ 1998இல் பி.எஸ்ஸி. வகுப்பைத் தொடங்கி, ஆய்வாளர்களையே 18 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வைத்தார். பட்டம் கொடுக்கும் உரிமைகூட அப்போது கிடையாது. மத்தியப் பிரதேசத்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் வழியாகத்தான் பட்டம். நிகர்நிலை அந்தஸ்து வந்தது 2006இல். அதற்கு முன்பே பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அப்புறம், கர்நாடக சங்கீதமும் நன்றாகப் பாடுவாராம். அந்தக் கச்சேரி ஒன்றைக் கேட்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

நம் கதை உனக்கே தெரியும். லெக்ராஞ்சியின் தேற்றத்தைப் பத்து மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்தோம். குலம், வளையம், களம் என்று மூன்று வருஷம் எழுதியும், யாருக்கும் இன்னும் விடை தெரியாத கணக்குகள் இருக்கின்றன என்று ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. 2020 ஜூலையில் சேஷாத்திரி மறைந்த செய்தியைப் படித்த அன்று இதைத்தான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். கட்டணம் கிடையாது, தேர்வுக் கேள்வியும் கிடையாது. போன மாதம் அந்த செர் கதையைச் சொன்னபோது பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, “இருபது வருஷத்துக்கு மேல யாருக்குமே தெரியலையா சார்?” என்று கேட்டாள். பஸ் வரும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் சிறுசேரி நுழைவுத் தேர்வு எழுதப் போகிறாளாம். அப்பாவுக்குச் சம்மதம், பாட்டிக்குத்தான் சென்னை என்றால் பயம்.

உன் பரணில் நீ கைப்பட எழுதிய அல்ஜீப்ரா நோட்டுகள் இரண்டு இருக்குமே, நீல அட்டை போட்டவை. வரும்போது அவற்றை எடுத்து வா. ஒவ்வொரு நிறுவலுக்கும் கீழே நீயே ஒரு உதாரணம் எழுதி வைத்திருப்பாய், அவளுக்கு அதுதான் வேண்டும். மொரப்பூரில் இறங்கியதும் போன் பண்ணு. வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்