பூனையின் தட்டில் தண்ணீர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கோடைச் சிறப்பிதழில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்காக வந்த பக்கத்தைப் படித்தேன். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாய்க்குச் சரி. பூனைக்கு அதோடு விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைப் போன வருஷம் கத்திரி வெயிலில் நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கடுவன் பூனைக்கு ஆறு வயது, எடை நாலு கிலோ. குட்டியிலிருந்தே பாக்கெட்டில் வரும் உலர் தீனிதான். ஹாலில் ஒரு கிண்ணம், பால்கனியில் ஒரு கிண்ணம், இரண்டிலும் கேன் தண்ணீர். (எனக்கே சில நாள் குழாய்த் தண்ணீர்தான்.) ஒருநாள் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தான், முனகினான், ஒரு சொட்டு வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு பகலை வீணாக்கினேன். ராத்திரி தூக்கிக்கொண்டு ஓடினால், சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கிறது. ஆண் பூனைக்கு அந்தப் பாதை மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. டியூப் போட்டு, டிரிப்ஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

தண்ணீர் குடிக்கிறானா என்று டாக்டர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது, “என்ன சாப்பிடுகிறான்?”

அடைப்புக்குக் காரணங்கள் பல, தண்ணீர் குறைவு அவற்றில் ஒன்று. ஆனால் நாம் இன்றைக்கே மாற்றக்கூடியது அதுதான். வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அது தண்ணீரைத் தேடிப் போனதைவிட இரையிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதிகம். எலியின் உடம்பில் சுமார் 70 சதவீதம் தண்ணீர். அதனால் பூனைக்குத் தாகம் மந்தம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லி என்றால் எங்கள் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 200 மில்லி வேண்டும். உலர் தீனியில் தண்ணீர் 10 சதவீதம்தான். 60 கிராம் சாப்பிட்டால் 6 மில்லி கிடைக்கும். மீதியைக் கிண்ணத்தில் நக்கியே குடிக்க வேண்டும். அவன் எங்கே குடித்தான்! பவுச் என்ற சின்னப் பையில் குழம்போடு வரும் ஈரத் தீனியிலோ 75 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்.

மூன்று வேளையும் ஈரத் தீனி நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால் காலையில் ஒரு பவுச்சில் வெதுவெதுப்பான தண்ணீர் மூன்று ஸ்பூன் கலந்து வைக்கிறேன். ராத்திரி உலர் தீனியையே கோழி வேகவைத்த தண்ணீரில் ஊறவைத்துத் தருகிறேன். உப்பு கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையவே கிடையாது. அவை நாய்க்கும் பூனைக்கும் விஷம். முதல் வாரம் மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து மெல்லக் கூட்டினேன். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் யாரும் நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் பூனைக்கு ஈரல் கெடும். அப்புறம், மே மாத வெயிலில் ஈரச் சாப்பாடு சீக்கிரம் புளித்துவிடும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுகிறேன்.

என் அம்மா பாக்கெட்டையே பார்த்ததில்லை. சங்கரா மீன் தலையை வேகவைத்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு சோற்றைக் குழையப் பிசைந்து வைப்பார். தண்ணீர் விஷயத்தில் அவர் செய்ததுதான் சரி. ஆனால் பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும், சோற்றில் அது இல்லை. பாக்கெட் தீனியில் சேர்த்திருக்கிறார்கள். அதனால் பாக்கெட்டை நான் தூக்கிப் போடவில்லை, நனைக்கிறேன்.

நாய் தாகம் எடுத்தால் தானே குடிக்கும். ஆனாலும் மூச்சிரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, அதில் தண்ணீர் நிறையப் போகும். நம் சென்னைப் புழுக்கத்தில் அப்படி இரைத்தும் சூடு லேசில் இறங்காது. அதன் தீனியையும் நனைத்து வைக்கலாம், விதை எடுத்த தர்பூசணித் துண்டு கொடுக்கலாம். திராட்சை கூடாது. பால் பலதுக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போய், இருக்கிற தண்ணீரும் போய்விடும். எதுவும் மாற்றாமலே நாயோ பூனையோ திடீரென்று அதிகமாகக் குடித்தால் அதுவும் நல்லதில்லை; சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணன் தெரு நாய்களுக்கு தினமும் பிஸ்கட் போடுவார். இப்போது கோழி வேகவைத்த தண்ணீரில் பாதியை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். சோற்றில் ஊற்றிப் பிசைந்து வைக்கிறார். பிஸ்கட்டை மோந்துவிட்டுப் போகிற அந்தக் கிழட்டுக் கறுப்பு நாய்தான் முதலில் வந்து நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை