அப்பா கிட்டாரில் உப்புத்தாள் வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

இயேசுவுக்கே புகழ். நீ கொடுத்தனுப்பிய கவர் வந்து சேர்ந்தது. அம்மா அதோடு வைத்த பருப்புப் பொடி வழியிலேயே கொஞ்சம் கொட்டிவிட்டது. உன் கடிதம் முழுக்க பூண்டு வாசனை. சித்தப்பா பையன் டென்னிஸ் அப்பாவின் கிட்டாரில் பெயின்ட்டால் பூ வரைந்து ஜிகினாவும் ஒட்டிவிட்டான், அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசப் பேச நீ “சரிண்ணா, சரிண்ணா” என்று வைத்துவிட்டு, உப்புத்தாளோடு உட்கார்ந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டியது. நான் நன்றாக இருக்கிறேன். கனடாக் குளிர் பழகிவிட்டது. வின்னிபெக்கில் ஜனவரியில் மைனஸ் 30 வரைகூட இறங்கும். ராத்திரி காரை நிறுத்தினால் இன்ஜினுக்கு கரண்ட் ஒயரைச் செருகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார்கள்; இல்லாவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது. ஆறு உறைந்து கிடக்கிறது, அதன் மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து, அந்த ஓட்டைக்குள் தூண்டில் விட்டு மீன் பிடிக்கிறார்கள். காசிமேட்டில் சொல்லிப் பார், சிரிப்பார்கள். அந்த மீனுக்கு இங்கே பிக்கரல் என்று பேர். வாங்கிக் குழம்பு வைத்தேன். வெள்ளைச் சதை, வாடையே இல்லை. மீனே போடாமல் புளிக்குழம்பு வைத்திருந்தாலும் அதே ருசிதான் வந்திருக்கும்.

வீடு மாறிவிட்டேன். இப்போது இருப்பது ஒரு வீட்டின் பேஸ்மென்ட், தரைக்குக் கீழே இருக்கும் தளம். வாடகைக்காக இல்லை, பஸ் ஸ்டாப் பக்கம் என்பதால். கிறிஸ்துமஸ் அன்று டியூட்டி இருந்தது. அன்றைக்குச் சம்பளம் கூட, விடுவானேன்? கேக் எல்லாம் கிடைத்தது என்று அம்மாவிடம் சொல்.

மேல்வீட்டுக் கிழவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அரை டிராயரோடு பனியில் குப்பை கொட்டப் போகிறவர்? அவருடைய தாத்தா உக்ரைனிலிருந்து வந்தவராம். ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்த பெரோகி என்று ஒன்றைக் கொண்டுவந்து கதவில் தட்டுவார். நம்ம கொழுக்கட்டையேதான், வெல்லத்துக்குப் பதில் வெங்காயம். மனுஷன் வயலினும் கிட்டாரும் ரிப்பேர் செய்கிறவர். பழுது பார்க்கும்போது கிட்டாரோடு பேசிக்கொண்டே இருப்பார், என்னோடு பேசுவதைவிட அதிகமாக. உன் கடிதத்தில் இருந்ததை அவரிடம் சொன்னேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “யார் இந்த மலர்த் தோட்டம் போட்டது?” என்றார். சித்தப்பா பையன் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டென்னிஸ் அடித்தது ஃபேப்ரிக் பெயின்ட்தான் என்று நிச்சயமாகத் தெரியுமா? அப்படியானால் தப்பித்தோம். அது தண்ணீரில் கரைத்த அக்ரிலிக். காய்ந்த பிறகு வார்னிஷுக்கு மேலே ஒரு தோல் மாதிரி நிற்கும், உள்ளே இறங்காது. எனாமல் என்றால் கதை வேறு, தொடாமல் எனக்கு எழுது.

முதலில் தந்திகளைக் கழற்று. நடு ஓட்டையைத் துணியால் அடை. அப்புறம் கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், கண்ணுக்குப் படாத மூலையில், காது குடையும் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வை. பஞ்சு பழுப்பாகி, இடம் பிசுபிசுத்தால் அது அரக்கு பாலிஷ். அந்தக் காலத்துக் கிட்டாரில் அதுவோ, லாக்கர் என்கிற இன்னொரு பளபளப்புப் பூச்சோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், லாக்கர் தின்னரில் கரையும். பெயின்ட் கடைக்காரர் “தின்னர் போட்டா ஒரே நிமிஷம் தம்பி” என்பார். ஆமாம், ஒரே நிமிஷத்தில் பூவும் போகும், பாலிஷும் போகும். அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரும் அதே ஜாதிதான். அதில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. துணியை நன்றாகப் பிழிந்து, ஒரு இதழ் அளவுக்கு மட்டும் மேலே வைத்து எடு. ஊறப் போடாதே, அரக்கில் ஈரம் தங்கினால் வெள்ளையாகப் பூத்துவிடும். பெயின்ட் இளகியதும் பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தைச் சாய்த்துப் பிடித்து, மர ரேகையின் போக்கிலேயே தள்ளு. தோல் உரிகிற மாதிரி சுருண்டு வரும். பிளேடு கூடாது. உடனே துடைத்துக் காயவிடு. ஒரு நாளைக்கு ஒரு பூ போதும். பசையும் ஜிகினாவும் நின்றால் சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற நாப்தா கொஞ்சம், ஜன்னலைத் திறந்து வைத்து, அம்மா அடுப்புப் பக்கம் இல்லாத நேரத்தில். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாதே, மாடியில் விரித்துக் காயவை.

இன்னொன்று. கையை வளைத்துப் போடும் மேல் ஓரத்தில் பாலிஷ் தேய்ந்து மங்கிய இடம் இருக்குமே, அதையும் சேர்த்துப் பளபளப்பாக்கிவிடாதே. அது அப்பாவின் கை பட்டுத் தேய்ந்தது. மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முந்தைய வருடம் அங்கே வாங்கினது. சனிக்கிழமை சாயங்காலம் இராயப்பர் கோயில் பாடகர் குழுவுக்குக் கிளம்பும் முன், கல்மண்டபம் டீயை டம்ளரில் ஆற்றியபடி ஒரு தடவை சுருதி பார்ப்பாரே. கடல் காற்றில் தந்தி துருப்பிடிக்கிறது என்று திட்டிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தடவுவார். இங்கே ஹீட்டர் காற்றில் ஈரமே இல்லை. கிழவர் கிட்டார் பெட்டிக்குள் ஈரப்பஞ்சு வைக்கிறார், இல்லாவிட்டால் மரம் வெடித்துவிடுமாம். நேற்று அவர் ஏதோ ஒரு கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். மேலே போய்ப் பேசலாம் என்று படியேறி, பாதியிலேயே இறங்கி வந்துவிட்டேன். இதை அம்மாவுக்குப் படிக்க வேண்டாம்.

டென்னிஸ் கல்யாண மேடைக்குக் கிட்டாரை மறுபடி கேட்டால், அண்ணன் கேட்டு எழுதியிருக்கிறான் என்று என் மேல் போட்டுவிடு. சித்தப்பாவிடம் முகம் முறிக்காதே, மாடிப் பங்கு விஷயம் இன்னும் முடியவில்லை. அவர் என்ன காகிதம் நீட்டினாலும் அக்கா வீட்டுக்காரர் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, அம்மாவையும் போட விடாதே.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா? பணம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளி வரும், பேங்கில் ஏதோ தாமதம். கீழ்வீட்டுக்காரர் கொடுத்த அட்வான்ஸிலிருந்து எடுக்காதே, அவர்கள் மே மாதம் காலி செய்கிறார்கள், திருப்பித் தர வேண்டும். வீட்டு வரி ரசீதை போட்டோ எடுத்து உடனே அனுப்பு. இரண்டு பக்கமும்.

அன்புடன்,
அண்ணன்