ஞாயிற்றுக்கிழமை டிஸ்கிரீட் வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள்

நான் படிக்கும் கேட் (எம்.டெக். சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) பயிற்சி மையத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ஞாயிறு காலைப் பிரிவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளுக்குப் படிக்கும் மாணவி எழுதுகிறேன். டிஸ்கிரீட் மேத்ஸ் (தர்க்கம், எண்ணும் முறைகள், கிராஃப் எல்லாம் வரும் கணிதம்) நேரடி வகுப்பு ஜூலையோடு நின்று வீடியோவானது, அதைத் திரும்பக் கேட்டு எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தோம், அது எந்த மேஜையில் கிடக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதனால் போன மாதிரித் தேர்வின் 37ஆவது கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஐந்து வெவ்வேறு வேலைகளை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், யாரும் சும்மா உட்காரக் கூடாது, எத்தனை வழி? ஆப்ஷன் கிடையாது, எண்ணை நாமே டைப் செய்ய வேண்டும். நான் 150 போட்டேன். உங்கள் விடைக்குறிப்பில் 25 என்று இருந்தது.

உடனே நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. நோட்டில் 150ஐ அடித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 25 என்று எழுதினேன். அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டு ‘கவனம்’ என்று குறித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பெண்ணும் அதையேதான் செய்தாள். அவளும் முதலில் 150தான் போட்டிருந்தாள்.

மூன்று நாள் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஒயிட்ஃபீல்டில் நைட் ஷிஃப்ட். விடியற்காலை மூன்று மணிக்கு டிக்கெட் (வாடிக்கையாளர் புகார்) எதுவும் வராத நேரத்தில், கேன்டீன் பில்லின் பின்பக்கம் கணக்கைச் சின்னதாக்கிப் போட்டுப் பார்த்தேன். மூன்று வேலை, இரண்டு ஆள். தண்ணீர் பிடிப்பது, பூ கட்டுவது, சமைப்பது, அம்மாவும் நானும். அம்மா ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் மீதி இரண்டும் எனக்கு, அது மூன்று வழி. அம்மா இரண்டை எடுத்துக்கொண்டால் எனக்கு ஒன்று, அது இன்னொரு மூன்று வழி. ஆக ஆறு. உங்கள் முறையில் போட்டால் மூன்றுதான் வருகிறது. இரண்டு வேலை யார் தலையில் விழுந்தாலும் ஒன்றுதான் என்கிறது உங்கள் கணக்கு. எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றல்ல.

அப்புறம் பெரிய கணக்குக்குத் திரும்பினேன். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று ஆளில் ஒருவர், ஐந்து வேலைக்கும் சேர்த்து மொத்தம் 243 வழி. அதில் ஒவ்வொருவரும் சும்மா இருக்கும் வழிகள் ஆளுக்கு 32 வீதம் 96ஐக் கழித்து, எல்லா வேலையும் ஒரே ஆளுக்குப் போவதால் இரண்டு தடவை கழிபட்ட 3ஐத் திரும்பக் கூட்டினால் 150. உங்கள் 25 என்பது ஐந்து வேலைகளை மூன்று கட்டாகக் கட்டும் வழிகள். எந்தக் கட்டு யாருக்கு என்று முடிவு செய்ய ஆறால் பெருக்க வேண்டும், அதை மறந்துவிட்டீர்கள். தப்பு யாருக்கும் வரும், அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. சரியாகப் போட்டவர்களைத் தப்பாகத் திருத்திக்கொள்ள வைத்துவிட்டு, கேட்க ஓர் ஆளைக்கூட அங்கே வைக்கவில்லையே, அதுதான் வருத்தம்.

ஆப்பில் சந்தேகம் பதிந்தேன். நான்காவது நாள் பதில் வந்தது: ‘டியர் ஸ்டூடண்ட், ப்ளீஸ் ரெஃபர் தி வீடியோ சொல்யூஷன்.’ வீடியோவைத் திறந்தால் பூட்டுப் படம். ஒரு வீடியோவை இரண்டு முறைதான் பார்க்கலாம் என்பது உங்கள் விதி. முதல் முறை பார்த்துக்கொண்டிருந்தபோது டீம் லீட் கூப்பிட்டார், நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்து திறந்ததை இரண்டாவது முறை என்று எண்ணிக்கொண்டது உங்கள் ஆப். கேப் டின் ஃபேக்டரி பாலத்தைத் தாண்டும்போது நெட் போனது, அத்தோடு அதுவும் முடிந்தது. வரம்பை நீட்ட 499 ரூபாயாம். சந்தேகம் கேட்டால் வீடியோவைப் பார், வீடியோ பூட்டியிருந்தால் சந்தேகத்தைப் பதி. கிராஃப் தியரியில் இதற்கு சைக்கிள் என்று பெயர். அந்தப் பாடமாவது நன்றாகப் புரிந்துவிட்டது, நன்றி.

ஜூலை வரை இந்தப் பாடத்தை எடுத்த சார் போர்டில்தான் எழுதுவார். பாதி ஆங்கிலம், பாதி கன்னடம், எங்களுக்காகக் கொஞ்சம் தமிழ். ஒவ்வொரு வரிக்கும் ‘அர்த்த ஆயித்தா?’ (புரிந்ததா?) என்று திரும்பிப் பார்ப்பார். ஆகவில்லை என்று நம் முகத்திலேயே தெரிந்துவிடும், மறுபடி எழுதுவார். குவாண்டிஃபையர் (‘எல்லா’, ‘ஏதோ ஒன்று’ என்னும் சொற்கள்) வரிசை மாறினால் பொருளே மாறும் என்பதை ஒரு சாவிக்கொத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். ‘எந்தப் பூட்டை எடுத்தாலும் அதற்கு ஒரு சாவி உண்டு’ என்பது வேறு, ‘எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரு சாவி உண்டு’ என்பது வேறு. ‘இரண்டாவது உண்மையானால் முதலாவதும் உண்மை. திருப்பிச் சொன்னால் நான் வீட்டுக்குப் போக முடியாது’ என்று கொத்தைக் குலுக்கிக் காட்டினார். இதை எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. பார்த்தாலும், நான் எந்த வரியில் தடுக்கி விழுந்தேன் என்று வீடியோவுக்கு எப்படித் தெரியும்? நிரூபணம் என்பது யாராவது ஒருவர் எதிரில் நின்று ‘இது எப்படி வந்தது?’ என்று கேட்டால்தான் பழகும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை டிஸ்கிரீட் வகுப்பை, ஆசிரியரோடும் போர்டோடும், திருப்பிக் கொடுங்கள்.

‘வெயிட்டேஜ் கம்மிம்மா’ என்றார் உங்கள் ஒருங்கிணைப்பாளர். நூறில் ஆப்டிட்யூடுக்கு 15, இன்ஜினியரிங் மேத்ஸுக்கு 13, அந்த 13லும் லீனியர் அல்ஜீப்ராவும் கால்குலஸும் பிராபபிலிட்டியும் பங்குக்கு வரும் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார். சரிதான். ஆனால் மீதி 72 மார்க் எதன் மேல் நிற்கிறது? டேட்டாபேஸில் ரிலேஷன் என்பது டிஸ்கிரீட்டில் படிக்கும் அதே ரிலேஷன்தான். அல்காரிதத்தில் ரிக்கரன்ஸ் (பெரிய கணக்கைச் சின்னக் கணக்குகளால் எழுதும் சமன்பாடு) போடத் தெரியாதவர், மெர்ஜ் சார்ட் என்னும் வரிசைப்படுத்தும் முறைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். டிஜிட்டல் லாஜிக், ஆட்டோமேட்டா பாடங்களும் அப்படித்தான், டிஸ்கிரீட் மேல்தான் நிற்கின்றன. 2021இலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கும் கேள்விகளும் வருகின்றன. எல்லாவற்றையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் மார்க், பாதி சரிக்குப் பாதி மார்க் கிடையாது. உங்கள் வீடியோக்களில் வரும் ‘ஆப்ஷனை எலிமினேட் பண்ணுங்க’ வித்தை அங்கே பலிக்காது.

கேட் நடத்துகிறவர்களே விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். கேள்வியே தப்பு என்று தெரிந்தால் எல்லோருக்கும் மார்க் கொடுக்கிறார்கள். 2024இல் அந்தத் தேர்வை நடத்தியது இதே பெங்களூரில் இருக்கும் ஐ.ஐ.எஸ்.சி. (இந்திய அறிவியல் கழகம்). அவர்களுக்கே தப்பு வரலாமாம், உங்கள் 37ஆவது கேள்விக்கு மட்டும் வராதாம்.

போகட்டும், இந்தத் தொழிலே இப்படித்தான் ஆகிவிட்டது. பஸ் முதுகில் ரேங்க் வாங்கியவர்கள் சிரிக்கும் படம், அதே முகம் நான்கு மையங்களின் பேனரில். அந்தப் பையன் எங்கே உட்கார்ந்து படித்தான் என்று அவனுக்காவது தெரியுமோ என்னமோ. சேரும்போது ஏசி அறையையும் லேப்டாப் பையையும் காட்டுகிறார்கள், பாடம் எடுக்கும் ஆளைக் காட்டச் சொன்னால் ‘டெமோ லிங்க் அனுப்புறோம்’ என்கிறார்கள். நான் கட்டிய 38,000 ரூபாய் அம்மா அல்சூர் கோயில் வாசலில் பூ விற்றுக் கட்டிய சீட்டுப் பணம். லேப்டாப் பை நன்றாகத்தான் இருக்கிறது, இப்போது அம்மா அதில்தான் பூ நூல் வைத்திருக்கிறார்.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதவில்லை. பிப்ரவரியில் தேர்வு, இன்னும் பத்து ஞாயிறுகூட முழுதாக இல்லை. 37ஆவது கேள்வியின் விடையைத் திருத்தி, 25 என்று எழுதிக்கொண்ட எல்லோருக்கும் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். வாரம் ஒன்றரை மணி நேரம், நேரில் ஓர் ஆசிரியர், ஒரு போர்டு. அந்த சாரே வந்தால் மகிழ்ச்சி, வேறு யார் வந்தாலும் சரி, திரும்பிப் பார்த்து ‘புரிந்ததா’ என்று கேட்பவராக இருந்தால் போதும். நைட் ஷிஃப்ட் முடித்து, மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, தூங்காமல் வந்து முதல் பெஞ்சில் உட்கார நான் தயார். இன்னும் பதினொரு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அறை இல்லை என்று தயவுசெய்து சொல்ல வேண்டாம். மூன்றாவது மாடியில் பழைய பேனர்களைப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அந்த அறையில் போர்டு இன்னும் இருக்கிறது. போன வாரம் விசாரித்தேன், சாவி வாட்ச்மேன் அண்ணனிடம்தான் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஞாயிறு காலைப் பிரிவு மாணவி,
அல்சூர், பெங்களூரு