பீப்பாய்க்கு ஒரு தடவைதான்

அண்ணே,

பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு நேற்று கூரியரில் அனுப்பிவிட்டேன். எந்த வீடு, யார் பங்கு என்பதெல்லாம் உனக்குத் தெரியும். சித்தப்பா வீட்டில் எல்லாரும் இதைப் படிப்பார்கள். அந்தப் பேச்சு இங்கே இதோடு போதும்.

நான் சொல்ல வந்தது பார்ட்ஸ்டவுன் விஷயம். நாம் அமெரிக்காவில் அந்த கென்டக்கி ஊருக்குப் போய்வந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம். சரக்கு வாசனைக்கே முகம் சுளிக்கிற உன்னை போர்பன் விஸ்கி ஆலைக்குக் கூட்டிப்போனது என் தப்புதான். மரக்கடைக்காரனுக்கு அங்கே பார்க்க ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. மக்காச்சோளம் 51 சதவீதமாவது வேண்டும் என்று சுற்றிக் காட்டிய பெண் சொன்னதெல்லாம் உன் காதில் ஏறவில்லை. கிடங்கில் நுழைந்ததும் நேரே பீப்பாயிடம் போனாய். பலகைக்குப் பலகை ஆணியில்லை, பசையில்லை. வெறும் இரும்புப் பட்டைகள் இறுக்கிப் பிடித்த வெள்ளை ஓக், 200 லிட்டரை வருஷக்கணக்கில் ஒழுகாமல் தாங்குகிறது. இரண்டு பலகை சேருகிற இடத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாய். நுழையவில்லை. "வேலைன்னா இது" என்றாய். நம் கடையில் தேக்குத் தடி வந்து இறங்கும்போது இருக்கிற அதே முகம்.

அப்புறம் உள்பக்கம் தீயில் கருக்கிய பலகைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். வெடித்து வெடித்து முதலைத் தோல் மாதிரி கரி. வெயில் காலத்தில் சரக்கு மரத்துக்குள் ஏறும், குளிரில் வெளியே வரும், நிறமும் வெனிலா வாசனையும் அப்படித்தான் இறங்கும் என்றாள். வருஷத்துக்கு நூற்றுக்கு நாலு பங்கு போல காற்றோடு போய்விடும், அது தேவதைகளுக்காம். நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சட்டப்படி புதுப் பீப்பாய்தான் வேண்டும், ஒரு தடவை ஊறியது மறுபடி போர்பனுக்கு ஆகாது, ஸ்காட்லாந்து பக்கம் விற்றுவிடுவார்கள் என்றேன். நீ துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல மாதிரி" என்றாய்.

சுற்றி நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. நான் சிரித்து வைத்தேன். காரில் ஏறியதும், "உன்னை யாரு படிப்பை விடச் சொன்னது?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. எனக்கு அப்போது 11 வயது, நான் சொல்லவில்லை என்பது உண்மை. உண்மை என்பதால்தான் அதைக் கேட்டிருக்கவே கூடாது. ஆனாலும் அண்ணே, 27 வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு யாரோ ஒருத்தன் கிடங்கில் வைத்தா சொல்வது? நீ கணக்கு வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பணம் அனுப்பியபோதெல்லாம் திருப்பி அனுப்பினாயே.

நீ பதில் சொல்லவில்லை. லூயிவில் வரும்வரை கரி ஒட்டிய விரலை முகர்ந்துகொண்டே வந்தாய்.

கூரியர் செவ்வாய்க்கிழமை வரும். நீ கடையில் இருந்தால் அண்ணியை வாங்கி வைக்கச் சொல். இதையும் திருப்பி அனுப்பிவிடாதே.