தனியா பஸ்ல போக வச்ச எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். வீல்சேர்ல இருக்கற நான் இப்போ யார் துணையும் இல்லாம பஸ்லயே வேலைக்கு போயிட்டு வரேன், அதுக்கு காரணமானவங்களுக்கு எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு.

டிரைவர் அண்ணா, மொதல்ல உங்களுக்கு. தாழ்தள பஸ் வந்துட்டா போதும் எல்லாம் சரியாயிடும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, ஆனா வண்டி நடைபாதைய விட்டு தள்ளி நின்னா சேர் ஏற வண்டிலேர்ந்து போடற சாய்வுப் பலகை, அதான் ராம்ப், நேரா ரோட்டுல தான் எறங்கும், சரிவு அதிகமாயி முன் சக்கரம் மேல தூக்கும், பின்னாடி கவுந்துடுவோமோன்னு உயிர கையில புடிச்சிட்டு தான் ஏறணும். நீங்க நடைபாதைய ஒட்டி கொண்டுவந்து நிறுத்தி, கதவு பக்கம் வண்டிய தாழ்த்தி, நான் பிரேக் போட்டு பெல்ட் மாட்டிட்டேனான்னு கண்ணாடில பாத்துட்டு தான் எடுக்கறீங்க. புதுசா அந்த ரூட்டுக்கு வர்றவங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கீங்க, அது பெரிய விஷயம்ணா.

இந்த ராம்ப் ஒண்ணும் சும்மா வந்துடல. 1978ல அமெரிக்காவுல டென்வர்ல 19 பேர் எங்களால ஏற முடியாத பஸ் எதுக்குன்னு வீல்சேரோட பஸ்ஸ மறிச்சு ராத்திரி முழுக்க ரோட்டுலயே கெடந்தாங்க. அவங்கள நான் பாத்தது கூட இல்ல, ஆனா என் நன்றில பெரிய பங்கு அவங்களுக்கு தான். என் ஃப்ரெண்டுக்கு கண்ணு தெரியாது, பிளாட்பாரத்துல புள்ளி புள்ளியா மேடு இருக்கற டைல்ஸ் காலுல தட்டுனதும் ஓரம் வந்துடுச்சுன்னு நின்னுடுவான். அத 1965ல ஜப்பான்ல செய்இச்சி மியாகேன்னு ஒருத்தர் கண்டுபுடிச்சார், அவருக்கு என் ஃப்ரெண்டு சார்பா நன்றி.

ஸ்டாப் முன்னாடி வழிய அடைச்சிட்டு நின்ன கம்பத்த தள்ளி நட்டுக் குடுத்த இன்ஜினியர் சாருக்கும் நன்றி, மனு குடுத்தப்போ நேர்ல வந்து என் சேர் போற அகலத்த டேப் வச்சு அளந்து பாத்தது நீங்க ஒருத்தர் தான்.

அப்புறம் கூட வர்ற பயணிங்க. ராம்ப் போட்டு எடுக்க நேரம் ஆகும்போது உச்சு கொட்டாம நிக்கறீங்க, என் எடத்துல நின்னா நான் கேக்கறதுக்கு முன்னாடியே நகந்துக்கறீங்க. கேக்காம சேர புடிச்சு தள்ளுறது உதவின்னு தான் பலரும் நெனைக்கறாங்க, எங்களுக்கு அது யாரோ நம்ம ஒடம்ப புடிச்சு இழுக்கற மாதிரி. "தள்ளணுமாம்மா, இல்ல நீயே வந்துடுவியா"ன்னு கேட்ட அக்கா, நானே வந்துடறேன்னு சொன்னதும் சிரிச்சிட்டு வழி விட்டீங்களே, உங்களுக்கு ரொம்ப ரொம்ப நன்றிக்கா.